புது வீடும் செப்டிக் டாங்கும்: ஊராட்சி வைத்திருக்க வேண்டிய ஒரு கணக்கு

நமது கிராமங்களில் இன்று புதிதாக எழும் வீடுகளுள் கழிப்பிடம் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 30.7 சதவீதத்தினருக்கே தம் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பிடம் இருந்தது. செப்டிக் டாங்குடன் இணைந்த கழிப்பிடம் உடையோர் 14.7 சதவீதத்தினர். அதன் பின்னர் 2014 அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிற்று. தனிநபர் கழிப்பிடத்துக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. 2019 ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவில் வீட்டுக் குழாய்க்கே நீரைக் கொண்டுவர முற்பட்டது. 2024-25ஆம் ஆண்டில் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் கீழ் ஒரு லட்சம் வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வீடு வந்தது, கழிப்பிடம் வந்தது, தண்ணீரும் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவியது எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலான ஊராட்சிகளின் பதிவேடுகளில் விடை இல்லை.

ஓர் ஊராட்சியில் எத்தனை கழிப்பிடங்கள் உள்ளன என்று கேட்டால் ஊராட்சிச் செயலர் உடனே கூறிவிடுவார். அவற்றுள் எத்தனைக்குத் தளம் போட்ட தொட்டி இருக்கிறது, எத்தனை வெறும் உறைக்குழி, எத்தனை வீட்டின் கழிவுநீர்க் குழாய் தெருவோர வாய்க்காலில் திறக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கணக்கெடுப்பாளர் வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிக்கொள்வாரேயன்றி மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. வீட்டுக்காரரோ மண்ணுக்கடியில் உள்ள எதையும் செப்டிக் டாங்க் என்றே சொல்லுகிறார். நான்கு சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளமின்றி விட்டுவிட்டால் அதற்கும் அப்பெயரே வழங்குகிறது. பெயர் ஒன்றாயினும் இரண்டும் செய்யும் வேலை வேறு. ஆதலால் எண்ணிக்கை மட்டும் போதாது. எண்ணப்படுவது இன்னது என்பதும் தெளிவாக வேண்டும்.

செப்டிக் டாங்க் என்பது நீர் கசியாத ஒரு தொட்டி. கழிப்பிடத்திலிருந்து வருவது அதில் ஒன்றிரண்டு நாட்களாவது தங்கும். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஆடைபோல் மிதக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். இடைநடுவில் உள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்கும். அந்த நீர் பார்வைக்குத் தெளிந்ததுபோல் தோன்றினும் நோய்க்கிருமிகள் நீங்கியதன்று. அவற்றைத் தடுத்து அழிப்பது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணே. தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதிப் பாதி மண்ணின் வேலை என்பதைக் கொத்தனார்களில் பலரும் உணர்வதில்லை. உறிஞ்சுகுழியே இல்லாத செப்டிக் டாங்குகளை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

அளவைப் பற்றியும் தவறான எண்ணங்கள் பல. இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 என்னும் விதிநூல் 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உள்ளளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் என்று கூறுகிறது. நமது அடிக்கணக்கில் ஏறக்குறைய ஐந்தடி, இரண்டரையடி, மூன்றேகாலடி. நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி வெற்றிடம் விட வேண்டும். இதன் கொள்ளளவு சுமார் 1,125 லிட்டர். எந்தத் தொட்டியும் 1,000 லிட்டருக்குக் குறையலாகாது. 2,000 லிட்டருக்கு மேற்பட்டால் உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டு அறைகளாக்க வேண்டும். நுழைகுழாயைக் காட்டிலும் வெளிக்குழாய் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வெளிக்குழாயின் வாயில் ஒரு 'டீ' பொருத்தி, அதன் கீழ்க்கால் நீருக்குள் ஓரடி இறங்கும்படி செய்ய வேண்டும். இந்த 'டீ' அற்ப விலையுள்ள பொருள். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஆடை நேரே உறிஞ்சுகுழிக்குள் சென்று மண்ணின் கண்களை அடைத்துவிடும். பிறகு குழி பொங்கும். வீட்டுக்காரர் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிடுவார். தெருவில் ஓடும் துர்நாற்றத்தில் ஒரு பகுதி இந்தச் சிறு துண்டைப் பொருத்தாமையால் வருவதே.

மற்றொரு பக்கம், 'பத்துக்குப் பத்து, ஆழமும் பத்து, இருபது வருஷத்துக்குக் கவலையில்லை' என்று பெருமையுடன் கட்டுவோரும் உண்டு. ஆயிரம் கன அடி என்றால் 28,000 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு இது எதற்கு? செலவு பல மடங்கு என்பது ஒருபுறமிருக்க, இருபது ஆண்டு அள்ளாத கசடு அடியில் இறுகிப்போகும். லாரியின் உறிஞ்சுகுழாய்க்கு அது வராது. அப்போதுதான் ஒரு மனிதனை உள்ளே இறக்கலாமா என்ற எண்ணம் தலைதூக்குகிறது. சிறு தொட்டியைக் கட்டி, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியைக் கொண்டு அள்ளுவதே முறை.

இனி, மண்ணைப் பற்றி. கொங்கு நாட்டில் மூன்று நான்கடியிலேயே பாறை தட்டும் மேட்டு நிலங்கள் உண்டு. கரிசல் மண் மழைக்காலத்தில் நீரை ஏற்காது. காவிரிப் பாசனப் பகுதியிலோ ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் அளவுக்கு ஏறி நிற்கும். உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டராவது மண் இருக்க வேண்டும் என்பது விதி. கோடையில் பார்த்து அளந்தால் போதாது, மழை உச்சத்தில் நீர் எங்கே நிற்கும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அளக்க வேண்டும். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர், அதாவது அறுபதடி, இடைவெளி வேண்டும். அறுபதடி என்பது தன் கிணற்றுக்கு மட்டுமன்று, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் பொருந்தும். இதை எவரும் தனியே நினைப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் கிணற்றை விட்டு விலகித் தோண்டுகிறார்கள். அது பக்கத்து வீட்டுக் கிணற்றை ஒட்டி அமைந்துவிடுகிறது. இருவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கக்கூடிய இடம் ஊராட்சியின் பதிவேடு ஒன்றே.

மண் நீரை ஏற்குமா என்று அறிய எளிய சோதனை உண்டு. உறிஞ்சுகுழி அமையவிருக்கும் ஆழத்துக்கு ஒரு சாண் அளவில் சிறுகுழி தோண்டி, இரவு முழுதும் நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் சிறிது நீர் நிறுத்தி, அது 2.5 சென்டிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். அரைமணிக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். அரைமணிக்கு மேல் ஒருமணிக்குள் எனில் குழிக்குப் பதிலாக ஜல்லி நிரப்பிய நீண்ட ஆழமற்ற சால்களில் நீரைப் பரப்ப வேண்டும். அதற்கும் மேற்பட்டால் அம்மனைக்கு இம்முறை ஒவ்வாது. பொறியாளரைக் கலந்து வேறு வழி காண வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல மாநிலங்களில் இத்தகைய மண் ஆய்வு முடிந்த பிறகே புது வீட்டுத் தொட்டிக்கு அனுமதி தருகிறார்கள். அந்நாட்டின் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் கட்டி முடிக்கப்பெறும் வீடுகளில் எத்தனை பொதுச் சாக்கடையுடன் இணைந்தவை, எத்தனை தனிச் செப்டிக் உடையவை என்று கணக்கும் வெளியிடுகிறது. அவர்களுடைய செல்வத்தைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்துக்குச் செல்வம் தேவையில்லை.

விவசாயிகளுக்கு மற்றொரு வழியும் உண்டு. இரட்டைக்குழிக் கழிப்பிடத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு குழிகள் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி அமையும். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்கு வழியைத் திருப்ப வேண்டும். மூடிய குழி இரண்டு ஆண்டு கிடந்தால் உள்ளிருப்பது வாடையற்ற, உலர்ந்த எருவாகிவிடும். லாரி தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் நிலத்தடி நீர் உயர்ந்த இடத்துக்கு இதுவும் ஏற்காது. இதனையும் செப்டிக் டாங்கையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது.

இக்கணக்கை எழுதுவது எப்போது என்பதில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. கட்டட அனுமதிக்காக வரும் வரைபடத்தில் செப்டிக் டாங்க் ஒரு சிறு செவ்வகமாக வரையப்பட்டிருக்கும்; அது காகிதத்தில் உள்ளது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் ஏற்பாடு வந்தது. காத்திருப்பும் அலைச்சலும் குறைந்தன. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அனுமதிக்கு முன் மனையைப் போய்ப் பார்க்கும் வழக்கம் இதனால் நின்றுபோகிறது என்பதையும் மறக்கலாகாது. மீண்டும் அந்த வீட்டுக்காரர் ஊராட்சி அலுவலகத்துக்கு வருவது வீட்டுவரி விதிப்புக்கோ குடிநீர் இணைப்புக்கோ. அப்போது தொட்டி மூடப்பட்டு, மேலே சிமெண்டு ஓடு பதிக்கப்பட்டு, மோட்டார் சைக்கிளும் நிறுத்தப்பட்டிருக்கும். அந்நிலையில் எழுதும் கணக்கு கேள்விப்பட்ட கணக்கேயன்றிப் பார்த்த கணக்கு ஆகாது.

தொட்டியைப் பார்க்க ஏற்ற நாள் ஒன்றே ஒன்று. தளமும் சுவரும் பூசி முடிந்து, மேல்மூடி போடுவதற்கு முன் உள்ள இரண்டு மூன்று நாட்களே அது. அன்று ஊராட்சிச் செயலரோ வார்டு அங்கத்தினரோ ஒரு நாடாவுடன் சென்றால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். உள்ளளவை மேலிருந்தே அளக்கலாம். தளத்தில் பூச்சு இருக்கிறதா, 'டீ' பொருத்தியாயிற்றா, வெளிக்குழாய் எத்திசை செல்கிறது என்பன கண்ணுக்கே தெரியும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னதாகவே நீர் நிரப்பி ஒருநாள் ஊறவிடச் சொல்லி, குறைந்ததை நிறைத்துச் சுவரில் ஒரு கோடிட்டு, மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் கசிவு இருப்பின் வெளிப்பட்டுவிடும். அரசு வீட்டுத் திட்டங்களில் தவணைக்காகப் பணி மேற்பார்வையாளர் வரும் நாளோடு இதனைச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தப் பணத்தில் கட்டுவோரிடம் அனுமதி வழங்கிய தகவல் வந்ததுமே, 'மூடி போடும் முன் ஒரு சொல் சொல்லியனுப்புங்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று அவர் நினையாதபடி பேசுவது அங்கத்தினரின் சாமர்த்தியம்.

நடைமுறையில் தொட்டி வேலை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. வர்ணம் பூசி முடியும்போது கைப்பணமும் முடிந்திருக்கும். கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. நான்கு உறையை இறக்கி மூடிவிடு என்கிறார் வீட்டுக்காரர். அஸ்திவாரம் தோண்டும்போதே தொட்டிக்கும் குழி தோண்டி, அதே கொத்தனார் அதே கலவையில் கட்டி முடித்துவிட்டால் செலவும் குறையும், கட்டட வேலைக்கு வேண்டிய தண்ணீரைச் சில மாதம் அதிலேயே சேமித்தும் வைக்கலாம். கசிவுச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

மூடியைப் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும். புதுத் தொட்டி, இன்னும் ஒரு சொட்டுக் கழிவும் விழாதது, அதில் என்ன ஆபத்து என்று நினைப்பது இயற்கை. அதன் மேல்தளத்தை அந்த இடத்திலேயே கான்கிரீட்டாக வார்த்து, சிறு துவாரம் ஒன்றை மட்டும் விட்டு, சில வாரங்கள் கழித்து உள்ளே இறங்கிச் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிப்பது வழக்கம். அந்த வாரங்களில் உள்ளே தேங்கிய நீரும் ஈரப்பலகையும் அழுகி, அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. முதலில் இறங்கிய தொழிலாளி இரண்டொரு நிமிடத்தில் மயங்கி வீழ்கிறார், அவரைத் தூக்க அவர் தம்பியோ கொத்தனாரோ வீட்டுக்காரரோ பதறி இறங்குகிறார், அவரும் வீழ்கிறார். புது வீட்டு வாசலில் இரண்டு மூன்று உயிர்கள் ஒருங்கே போன செய்திகளை நாம் ஆண்டுதோறும் படித்துவருகிறோம். இதனைத் தவிர்ப்பது மிக எளிது. மேல்தளத்தைத் துண்டு துண்டான கான்கிரீட் பலகைகளாகத் தரையிலேயே வார்த்து, இறுகிய பின் எடுத்து அடுக்கிவிட்டால் உள்ளே பலகை அடிக்கவும் வேண்டாம், பிரிக்க இறங்கவும் வேண்டாம். ஊராட்சியின் பதிவேட்டில் 'மூடி வகை' என்று ஒரு கட்டம் போட்டாலே கொத்தனார்களுக்குச் செய்தி போய்ச் சேரும்.

பயன்பாட்டில் உள்ள தொட்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கசடு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. பின்னது முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும்; செறிவு கூடினால் முகரும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் மரணத்தினுள்ளே இறங்குகிறார். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் தீ விபத்துக்கே வழி. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையில் அமர்த்துவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், செப்டிக் டாங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்துவதைக் குற்றமாக்கிற்று. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014இல் உச்சநீதிமன்றம் கூறியது; 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சமானால் என்ன, வீழ்ந்தவர் எழுவதில்லை. இவ்வேலைக்கு அழைக்கப்படுவோர் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் குடியிலிருந்து அழைக்கப்படுகிறார்கள் என்பது அங்கத்தினர்கள் அறியாததன்று.

ஆகவே லாரியின் உறிஞ்சுகுழாய் எட்டக்கூடிய இடத்தில் தொட்டி அமைகிறதா என்பதும் பதிவேட்டில் ஏற வேண்டும். வீட்டின் பின்புறச் சந்தில், லாரி நெருங்காத இடத்தில் கட்டிய தொட்டி நிறையும்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். கதவு எண், மனைச் சர்வே எண், வசிப்போர் தொகை, மூவகையில் எது, உள்ளளவு, தளம், 'டீ', வெளிநீர் சேருமிடம், நான்கு திசையிலும் கிணறுகளின் தூரம், கொத்தனார் பெயர், கட்டி முடிந்த மாதம், பிறகு கசடு அள்ளிய தேதிகள்: இவ்வளவும் ஒரு நீண்ட நோட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும். கொத்தனார் பெயரைச் சேர்த்தது ஏனென்றால், ஓர் ஊரின் வீடுகளில் பெரும்பாலானவற்றை நான்கைந்து பேரே கட்டுகிறார்கள். எவர் கட்டிய தொட்டிகளில் 'டீ' இல்லை என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அவரைக் கூப்பிட்டு ஒருநாள் காட்டிக்கொடுத்தால் அடுத்த இருபது வீடுகள் திருந்தும். நூறு வீட்டுக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்வதைவிட இது பயன் தரும் என்பது எமது அபிப்பிராயம்.

ஓர் ஊராட்சியில் ஆண்டுக்கு 40 வீடுகள் எழுவதாகக் கொள்வோம். எல்லாம் 1,125 லிட்டர்த் தொட்டியானால் மூன்றாம் ஆண்டில் அள்ள வேண்டியது 45,000 லிட்டர்; 5,000 லிட்டர் லாரிக்கு ஒன்பது நடை. அவையே பத்தாயிரம் லிட்டர்த் தொட்டிகளானால் எண்பது நடை. இந்தக் கணக்கு கையில் இருந்தால் பக்கத்து நான்கு ஊராட்சிகள் சேர்ந்து லாரிக்காரரிடம் தெருவாரியாக நடை பேசி வாடகையைக் குறைக்கலாம். அள்ளியதை எங்கே கொட்டுவது என்றும் கேட்கலாம். கருங்குழி, பெரியநாயக்கன்பாளையம் போன்ற பேரூராட்சிகளில் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்துள்ளன. நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் லாரிக் கசடை ஏற்பது உண்டு. ஒவ்வொரு ஊராட்சியும் தனக்கு அண்மையில் உள்ளதை வட்டார அலுவலகத்தில் கேட்டறிந்து, லாரிக்காரர் அங்கேதான் கொட்டுகிறார் என்பதற்கு அத்தாட்சிச் சீட்டுப் பெற வேண்டும். ஏரிக்கரையிலும் ஓடையிலும் இரவில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளை நாம் அறிவோம்.

தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம் என்று பச்சைக் கசடையே வயலில் இறக்கச் சொல்லும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. அதில் சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால் அதிலுள்ள குடற்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். களையெடுக்கும் பெண்களின் கையிலும் காலிலும், கீரை காய்கறிகளிலும் ஏறும். சுத்திகரித்து நன்கு உலர்த்திய கசடை அல்லது இரட்டைக்குழி எருவைப் பயன்படுத்தினால் சத்தும் கிடைக்கும், நோயும் வராது.

பதிவேட்டைக் கிணற்று நீரோடு ஒத்துப் பார்க்கவும் வேண்டும். ஜல் ஜீவன் இயக்கத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிக்கப்பெறுகிறது. கிருமிச் சோதனைக் குப்பியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருப்பின் நீர் கறுக்கும். கறுத்த கிணற்றைச் சுற்றி அறுபதடிக்குள் எந்தெந்த வீட்டுக் குழிகள் உள்ளன என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். மஞ்சட்காமாலையும் விஷக்காய்ச்சலும் ஒரு தெருவில் மட்டும் அடுத்தடுத்து வருவதன் காரணம் சில சமயம் அங்கேதான் இருக்கும்.

பழைய வீடுகளை என்ன செய்வது என்று கேட்பர். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். கசடு அள்ள லாரி வரும் நாளில் மூடி எப்படியும் திறக்கும், அன்று அளந்து எழுதிக்கொள்ளலாம். புது வீடுகளை இந்த மாதமே தொடங்கலாம். கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. வரும் கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றி, நடப்பாண்டில் அனுமதி பெற்ற வீடுகளின் பட்டியலை எடுத்து, இன்னும் மூடி போடாத தொட்டிகள் எவை என்று முதலில் பார்க்க வேண்டும். மழைக்கு முன் அவற்றை அளந்துவிட்டால் ஐப்பசியில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை அதே பக்கத்தில் எழுதிக்கொள்ள இடம் விட்டு வைக்கலாம்.